ஒரே ஒரு எலக்ட்ரான்: ஹாலஜன் பாடத்தை நம் ஊரிலிருந்து தொடங்குவோம்

(குறுவள மையக் கூட்டத்தில் அறிவியல் பட்டதாரி ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தனிம வரிசை அட்டவணையின் 17ஆம் தொகுதியைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். ஃபுளூரின், குளோரின், புரோமின், அயோடின், அஸ்டட்டைன், டென்னசின். அணு எண் 9, 17, 35, 53, 85, 117. இதை இங்கே உள்ள எல்லோரும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வீர்கள். எனவே பாடத்தை ஒப்பிக்கப் போவதில்லை. இந்தப் பாடத்தில் என் வகுப்பில் எழுந்த ஒரு கேள்வியை உங்கள் முன் வைக்கிறேன்.

எங்கள் பள்ளி அனுப்பர்பாளையத்தில் இருக்கிறது. அனுப்பர்பாளையம் என்றால் பாத்திரம். பித்தளையும் செம்பும் எவர்சில்வரும் தட்டிப் பழகிய ஊர். இப்போது பட்டறைக்குப் பக்கத்திலேயே பனியன் கம்பெனியும் இருக்கிறது. ஒரு குழந்தையின் அப்பா பாலிஷ் பட்டறைக்குப் போவார், அம்மா ஓவர்லாக் தைப்பார், மாமா சாயப்பட்டறையில் இருப்பார். ஒன்பதாம் வகுப்பில் ஒரு நாள், குளோரின் ஒரு நச்சு வாயு என்று சொல்லிவிட்டு, சாப்பாட்டு உப்பு என்பது சோடியம் குளோரைடு, சோடியமும் குளோரினும் சேர்ந்தது என்றும் சொன்னேன். ஒரு மாணவி எழுந்து நின்றாள்.

"டீச்சர், குளோரின் வெசவாயுன்னு சொல்றீங்க. உப்புலயும் குளோரின் இருக்குதுன்னு சொல்றீங்க. அப்ப தெனமும் சோத்துல வெசத்தப் போட்டுத்தான் திங்கறமுங்களா?"

வகுப்பே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. சில ஆண்டுகளுக்கு முன்பு என்றால், "சேர்மமாக மாறும்போது தனிமத்தின் பண்பு மாறிவிடும், எழுதிக்கொள்" என்று சொல்லி உட்கார வைத்திருப்பேன். அந்த விடை தவறில்லை, தேர்வில் மதிப்பெண்ணும் கிடைக்கும். ஆனால் அந்த விடை போதாது என்று எனக்குக் காட்டிய ஒரு சம்பவம் உண்டு. அதை முதலில் சொல்கிறேன்.

முன்பு நான் பணிபுரிந்த ஒரு பள்ளியில், மாலை நேரம், கழிப்பறையைச் சுத்தம் செய்துகொண்டிருந்த தூய்மைப் பணியாளர் அக்கா திடீரென்று இருமிக்கொண்டே வெளியே ஓடிவந்தார். கண்ணிலும் மூக்கிலும் நீர் வழிந்தது. மூச்சு வாங்க முடியவில்லை. உடனே காற்றோட்டமான இடத்தில் உட்கார வைத்து, மருத்துவமனைக்கு அழைத்துப் போனோம். நல்லவேளை, அவர் குணமாகிவிட்டார். தரையில் பிளீச்சிங் பவுடரைத் தூவி, அதன் மேலேயே ஆசிட்டை ஊற்றியிருக்கிறார். மறுநாள் என்னிடம் சொன்னார்: "ரெண்டும் சுத்தம் பண்றதுதானுங்களே டீச்சர், சேத்துப் போட்டா இன்னும் நல்லா போகும்னு நெனச்சனுங்க."

அந்த வாரம்தான் பத்தாம் வகுப்புக் கரும்பலகையில் நான் எழுதியிருந்தேன்: சலவைத்தூளுடன் ஹைட்ரோகுளோரிக் அமிலம் வினைபுரிந்து கால்சியம் குளோரைடு, நீர், குளோரின் வாயு ஆகியவற்றைத் தரும். சமன்பாட்டைச் சமன் செய்யவும் சொல்லிக் கொடுத்திருந்தேன். அந்தக் கரும்பலகைக்கும் அந்தக் கழிப்பறைக்கும் நடுவே இருந்தது ஒரு சுவர்தான். ஆனால் நான் எழுதியது அந்தப் பக்கம் போகவில்லை. என் மாணவர்களிடம் கேட்டேன். 'சலவைத்தூள்' என்பது வீட்டில் இருக்கும் பிளீச்சிங் பவுடர்தான் என்று பாதிப்பேருக்குத் தெரியவில்லை. அது என் குறை.

அதன் பிறகு இந்தப் பாடத்தை நடத்தும் வரிசையை மாற்றினேன். அதைத்தான் இன்று உங்களிடம் பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில் இரண்டு பெயர்களைப் பிரித்து எழுதுகிறேன். ஒரு பக்கம் குளோரின், மறுபக்கம் குளோரைடு. அயோடின், அயோடைடு. ஃபுளூரின், ஃபுளூரைடு. இந்தத் தொகுதியைப் புரிந்துகொள்ள இந்த வேறுபாடு ஒன்று விளங்கினால் போதும். குளோரின் அணுவில் எலக்ட்ரான்கள் 2, 8, 7 என்று அமைந்திருக்கின்றன. எட்டுக்கு ஒன்று குறைவு. ஃபுளூரினில் 2, 7. புரோமினில் 2, 8, 18, 7. அயோடினில் 2, 8, 18, 18, 7. எல்லாவற்றுக்கும் கடைசியில் ஏழு, எல்லாவற்றுக்கும் குறை ஒன்று. அந்த ஒன்றை எங்கிருந்தாவது பெற்றுக்கொள்ளும்வரை அவை சும்மா இருப்பதில்லை. நுரையீரலின் ஈரத்திலிருந்தும் எடுக்கும், துணியின் நிறத்திலிருந்தும் எடுக்கும், கிருமியின் உடலிலிருந்தும் எடுக்கும். நாம் நச்சு, வெளுப்பான், கிருமிநாசினி என்று மூன்று பெயர் சொல்வது ஒரே செயலைத்தான்.

அந்த ஒரு எலக்ட்ரான் கிடைத்துவிட்டால் அது குளோரைடு. 2, 8, 8. அதற்கு இனி யாரிடமும் பிடுங்க வேண்டியதில்லை. நம் இரத்தத்திலும் வியர்வையிலும் கண்ணீரிலும் இருப்பது இந்தக் குளோரைடு. வயிற்றில் சுரக்கும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் இருப்பதும் இதுதான். அந்த மாணவிக்கு நான் சொன்ன விடை இவ்வளவுதான்: "நீ உப்பில் திங்கிறது குளோரின் இல்லை கண்ணு, குளோரைடு. பசி அடங்கின குளோரின்." ஹாலஜன் என்ற கிரேக்கச் சொல்லுக்கே உப்பை உண்டாக்குவது என்றுதான் பொருள். தமிழில் உப்பீனி என்கிறோம். எலக்ட்ரானைப் பெற்று உப்பாக மாறுவதுதான் இந்தக் குடும்பத்தின் இயல்பு.

சொன்னால் மட்டும் போதுமா? கண்ணால் பார்க்க வேண்டாமா? குளோரினை வகுப்பில் தயாரிக்கக் கூடாது. பிளீச்சிங் பவுடரை வைத்து எந்தச் செய்முறையும் வேண்டாம். அதே குடும்பத்தில் சாதுவான ஒருவர் இருக்கிறார், அயோடின். மருந்துக் கடையில் புண்ணுக்குப் போடும் பொவிடோன் அயோடின் கரைசல் கிடைக்கும். அரை டம்ளர் தண்ணீரில் இரண்டு மூன்று சொட்டு விடுங்கள். இளம்பழுப்பு நிறம் வரும். அதில் ஒரு கரண்டி, நன்றாக ஆறிய தெளிந்த சோற்றுக் கஞ்சி. கருநீலம். இதுவரை நாம் எல்லோரும் செய்வதுதான்.

இனி எலுமிச்சைச் சாற்றைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்குங்கள். சாற்றில் உள்ள வைட்டமின் சி அயோடினுக்கு எலக்ட்ரானைக் கொடுக்கும். அயோடின் அயோடைடாகும். நீலம் மறைந்துவிடும். நிறம் மறைந்த அந்தச் சொட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அதிகம் விட்டால் அடுத்த கட்டம் தாமதமாகும். இப்போது கேளுங்கள்: "அயோடின் எங்கே போனது?" ஆவியாகிவிட்டது என்பார்கள், எலுமிச்சை தின்றுவிட்டது என்பார்கள். எல்லாவற்றையும் கரும்பலகையில் எழுதுங்கள். பிறகு மருந்துக் கடையில் கிடைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடை ஒரு சிறு கரண்டி விட்டுக் காத்திருங்கள். சற்று நேரத்தில் நீலம் திரும்பி வரும். அயோடின் எங்கும் போகவில்லை. ஒரு எலக்ட்ரானை வாங்கியபோது நிறமில்லாமல் இருந்தது, அதைப் பறித்ததும் பழையபடி ஆனது. அணு அதே அணுதான். முடிந்ததும் நிறைய நீர் விட்டுக் கொட்டிவிடலாம். யாரும் குடிக்காமல் பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு.

இது மனதில் பதிந்த பிறகு தொகுதியில் மேலிருந்து கீழே வருவது எளிது. ஃபுளூரின் வெளிர்மஞ்சள் வாயு. குளோரின் பசுமஞ்சள் வாயு. புரோமின் செம்பழுப்புத் திரவம். அயோடின் கருமை கலந்த திண்மம், ஆவியாகும்போது ஊதா. ஒரே குடும்பத்தில் வாயு, திரவம், திண்மம் மூன்றும் இருப்பதற்குக் காரணம், கீழே வரவர மூலக்கூறு பெரிதாகிறது, எலக்ட்ரான்கள் கூடுகின்றன, மூலக்கூறுகளுக்கு இடையிலான கவர்ச்சியும் கூடுகிறது. குளோரின் கொதிப்பது சுழியத்துக்குக் கீழே 34 டிகிரி செல்சியஸில், புரோமின் 59 டிகிரியில், அயோடின் 184 டிகிரியில்.

வேதிவினையில் இதற்கு நேர்மாறு. கீழே வரவர அணு பெரிதாகிறது. வெளிக்கூடு உட்கருவிலிருந்து விலகிப் போகிறது. எனவே வெளியிலிருந்து ஒரு எலக்ட்ரானை இழுக்கும் வலிமை குறைகிறது. அதனால்தான் குளோரின் புரோமைடிலிருந்தும் அயோடைடிலிருந்தும் எலக்ட்ரானைப் பறிக்கிறது, ஆனால் அயோடினால் குளோரைடிலிருந்து பறிக்க முடிவதில்லை. இடப்பெயர்ச்சி வினைகளை மனப்பாடம் செய்ய வேண்டிய தேவையே இல்லை. மேலே இருப்பவர் கீழே இருப்பவரிடம் பிடுங்குவார், அவ்வளவுதான்.

இங்கே மேல்நிலை வகுப்பு எடுப்பவர்கள் ஒன்றைக் கேட்பீர்கள். எலக்ட்ரான் நாட்டம் ஃபுளூரினைவிடக் குளோரினுக்குத்தானே அதிகம், பிறகு ஃபுளூரின் எப்படி வலிமையான ஆக்சிஜனேற்றி? உண்மைதான். மோலுக்கு ஃபுளூரினுக்கு 328 கிலோஜூல், குளோரினுக்கு 349. ஃபுளூரின் அணு மிகச் சிறியது என்பதால், வரும் எலக்ட்ரானை உள்ளே இருப்பவை விலக்குகின்றன. ஆனால் ஃபுளூரின் மூலக்கூறின் பிணைப்பை உடைக்க 158 கிலோஜூல் போதும், குளோரினுக்கு 242 வேண்டும். அதோடு சிறிய ஃபுளூரைடு அயனியை நீர் மிக உறுதியாகச் சூழ்ந்துகொள்கிறது. மொத்தக் கணக்கில் ஃபுளூரின் வென்றுவிடுகிறது. அதனால்தான் அதைப் பிரித்தெடுக்க 1886 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதைச் செய்த ஆன்றி மோசானுக்கு 1906இல் நோபல் பரிசு கிடைத்தது.

வரலாற்றைச் சொல்லும்போது திருப்பூர்ப் பிள்ளைகளுக்கு ஒன்றைத் தவறாமல் சொல்கிறேன். ஷீலே 1774இல் குளோரினைத் தயாரித்தார். அது ஒரு தனிமம் என்று டேவி 1810இல்தான் உறுதி செய்து பெயரும் வைத்தார். ஆனால் தனிமம் என்று தெரிவதற்கு முன்பே துணிக்காரர்கள் அதைப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டார்கள். அதுவரை ஐரோப்பாவில் துணியைப் புல்வெளியில் விரித்து வாரக்கணக்கில், மாதக்கணக்கில் வெயிலில் வெளுத்தார்கள். பெர்த்தொலே குளோரினால் வெளுக்க முடியும் என்று காட்டினார். வாயுவைக் கையாள்வது ஆபத்து என்பதால், அதைச் சுண்ணாம்பில் ஏற்றித் தூளாக்கும் முறைக்கு 1799இல் சார்லஸ் டென்னன்ட் காப்புரிமை பெற்றார். அதுதான் பிளீச்சிங் பவுடர். துணிக்காகப் பிறந்த பொருள். நம் ஊர் வெள்ளைப் பனியனுக்கும் அதற்கும் உறவு பழையது.

சலவைப் பட்டறையில் குளோரின் சேர்மத்தால் வெளுத்த துணியில் மீதிக் குளோரின் தங்கினால் நூல் இற்றுப்போகும். அதைப் போக்க 'ஹைப்போ' போடுவார்கள். அது நம் ஆய்வகத்தில் அயோடின் தரம் பார்க்கப் பயன்படும் சோடியம் தயோசல்பேட்தான். இரண்டு இடத்திலும் வேலை ஒன்றே, ஹாலஜனுக்கு எலக்ட்ரானைக் கொடுத்து அடக்குவது. இப்போது பருத்திப் பின்னலாடையை வெளுக்கப் பெரும்பாலும் ஹைட்ரஜன் பெராக்சைடுதான். வகுப்பில் நீலத்தைத் திரும்ப வரவழைத்த அதே பொருள். இதைச் சொன்னால் சாயப்பட்டறைக்காரர் வீட்டுப் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவதைப் பார்க்கலாம்.

குளோரின் கெட்டது, குளோரைடு நல்லது என்று பாடத்தை முடித்துவிடவும் கூடாது. நம் மாவட்டத்தில் அப்படி முடிக்கவே முடியாது. பருத்தியில் சாயம் ஏறுவதற்கு உப்பு வேண்டும். ஒரு லிட்டர் சாயநீரில் பல பத்து கிராம் உப்பு போடுவார்கள். சாயம் துணியில் ஏறிவிடும், உப்பு நீரிலேயே நிற்கும். நிறத்தை நீக்கலாம், அமிலத்தை நடுநிலையாக்கலாம். குளோரைடை என்ன செய்வது? அதற்கு இனி எந்த எலக்ட்ரானும் தேவையில்லை, எனவே எதனுடனும் எளிதில் வினைபுரியாது. அதன் உப்புகளில் பெரும்பாலானவை நீரில் கரைபவை, எனவே வண்டலாகவும் தங்காது. சாப்பாட்டில் அதைப் பாதுகாப்பானதாக ஆக்கிய அந்தப் பண்புதான் நொய்யலில் தொல்லையாக மாறியது. ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கிய நீர் பாசனத்துக்கு உதவாமல் போனது, கிணறுகள் உவர்த்தன, விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய, சலவை ஆலைகளை மூட உத்தரவிட்டது. அதன் பிறகுதான் கழிவுநீரைச் சொட்டுக்கூட வெளியேற்றாத முறை இங்கே நிலைபெற்றது. எதிர்ச் சவ்வூடுபரவலால் நீரைப் பிரித்து, மிச்சத்தைக் கொதிக்க வைத்து உப்பை மீட்கிறார்கள். குளோரைடைப் பிடிக்க வேறு எளிய வழியில்லை.

குடிநீரில் குளோரைடு லிட்டருக்கு 250 மில்லிகிராம்வரை ஏற்கத்தக்கது, வேறு நீர் இல்லாதபோது 1000 வரை அனுமதிக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். பிள்ளைகளிடம் அவரவர் வீட்டு ஆழ்துளைக் கிணற்று நீரையும் குழாய் நீரையும் கொண்டுவரச் சொல்லி, ஆய்வகத்தில் வெள்ளி நைட்ரேட் இரண்டு சொட்டு நாமே விட்டுக் காட்டலாம். எது அதிகம் வெண்மையாகிறது என்று அவர்களே ஒப்பிடுவார்கள். கரையும் குளோரைடுகளின் நடுவே கரையாத வெள்ளிக் குளோரைடையும் பார்த்துவிடுவார்கள்.

அனுப்பர்பாளையத்துக்கு உரிய எடுத்துக்காட்டும் ஒன்று உண்டு. எவர்சில்வர் பாத்திரத்தில் ஊறுகாயை ஏன் நாள்கணக்கில் வைக்கக் கூடாது? எவர்சில்வருக்குத் துரு வராமல் காப்பது அதன் மேல் படியும் மிக மெல்லிய குரோமியம் ஆக்சைடு படலம். குளோரைடு அயனி அந்தப் படலத்தை ஓரிரு இடத்தில் உடைத்துப் புள்ளிப் புள்ளியாகக் குழி விழச் செய்யும். நம் பாட்டிமார் பீங்கான் ஜாடியைத் தேடியது சரிதான். பட்டறைக்காரர் வீட்டுப் பையன் ஒருவன், "அப்பா இதத்தான் புள்ளி உழுந்துருச்சுன்னு சொல்வாருங்க டீச்சர்" என்றான். நான் அவனிடமிருந்து ஒரு சொல்லைக் கற்றுக்கொண்டேன்.

மற்ற இரண்டு உறுப்பினர்களுக்கும் நம் மாநிலத்திலேயே இடம் உண்டு. ஃபுளூரைடு பற்பசையில் சிறிதளவு இருந்தால் பல்லுக்கு உறுதி. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் பல்லில் கறை, மேலும் கூடினால் எலும்பில் பாதிப்பு. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நிலத்தடி நீரிலேயே அது அதிகம் என்பதால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் இடம்பெற்றது. அயோடின் குறைந்தால் முன்கழுத்துக் கழலை. இந்தியாவில் அதற்கான தேசியத் திட்டம் 1962இல் தொடங்கியது. வீட்டுக்கு வரும் உப்பில் பத்து லட்சத்தில் 15 பங்காவது அயோடின் இருக்க வேண்டும். 10 கிராம் உப்பில் எவ்வளவு என்று கணக்குப் போடச் சொல்லுங்கள். 150 மைக்ரோகிராம் வரும். ஒரு பெரியவருக்கு ஒரு நாளைக்குத் தேவையான அளவு அதுதான்.

இனி அந்தக் கழிப்பறைக்குத் திரும்புகிறேன். அங்கே நடந்தது என்ன? பிளீச்சிங் பவுடரில் ஹைப்போகுளோரைட்டாக இருக்கும் குளோரினின் ஆக்சிஜனேற்ற எண் +1. அமிலத்தில் உள்ள குளோரைடுக்கு –1. அமிலச் சூழலில் ஒன்றிடமிருந்து மற்றொன்றுக்கு ஒரு எலக்ட்ரான் மாறினால் இரண்டும் சுழியம். அதாவது இரண்டும் குளோரின் வாயு. அடங்கிக் கிடந்த குளோரைடும் வாயுவாக எழுந்து வருகிறது. அந்த வாயு காற்றைவிட ஏறக்குறைய இரண்டரை மடங்கு கனமானது. தரையோடு தங்கும். குனிந்து தேய்ப்பவரின் மூக்குக்குத்தான் முதலில் வரும்.

இந்தச் சமன்பாட்டை இப்போது நான் கரும்பலகையோடு விடுவதில்லை. வகுப்பு முடிந்ததும் ஒரு வீட்டுப்பாடம் கொடுக்கிறேன். வீட்டில் குளியலறை கழுவும் பொருள்களின் பெயரை எழுதி வரவேண்டும். எதில் அமிலம், எதில் குளோரின் என்று வகுப்பில் பிரிக்கிறோம். இரண்டு பாட்டிலும் நடுவே பெருக்கல் குறியும் போட்ட படத்தைப் பிள்ளைகளே வரைந்து, தூய்மைப் பொருள்கள் வைக்கும் இடத்தில் ஒட்டியிருக்கிறோம். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் புரிய வேண்டும் என்பதால் படம். வடமாநிலத்திலிருந்து வந்த பிள்ளைகள் அதன் கீழே இந்தியிலும் எழுதினார்கள். தவறிக் கலந்துவிட்டால், மேலும் எதையும் ஊற்றிக்கொண்டிருக்காமல் உடனே வெளியே வந்துவிட வேண்டும், கதவைத் திறந்துவிட வேண்டும், மூச்சுத் திணறினால் மருத்துவமனைக்குப் போக வேண்டும். இதையும் சேர்த்துச் சொல்லிக் கொடுக்கிறோம்.

சோற்றில் விஷமா என்று கேட்ட அந்த மாணவி அடுத்த நாள் என்னிடம் வந்தாள். அவள் அம்மா ஞாயிற்றுக்கிழமைகளில் வெளியிடங்களில் கழிப்பறை கழுவப் போகிறவராம். "எங்கம்மா ரெண்டையும் ஒரே வாளியிலதான் கரைப்பாங்களாம் டீச்சர். அதான் எப்பவும் இருமல் வருது போலன்னாங்க. இனிமே தனித்தனியாத்தான் போடுவேன்னு சொல்லிட்டாங்க."

நண்பர்களே, உங்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். இந்த ஆண்டு 17ஆம் தொகுதியை நடத்தும் வாரத்தில், உங்கள் பள்ளித் தூய்மைப் பணியாளரையும் ஒரு பத்து நிமிடம் அழைத்து உட்கார வைத்து, எந்தப் பாட்டிலில் என்ன இருக்கிறது என்று சொல்லுங்கள். மாணவர்களையே சொல்லச் சொன்னால் இன்னும் நல்லது.